தகவலாளர் ஏழு

மனிதனை மனிதன் புரிந்துகொள்வதைவிட உயர்ந்த கல்வி இவ்வுலகில் வேறில்லை. பண்பாட்டு மானுடவியல் துறையின் வாசலில், ஆளுயரக் கறுப்புக் கல்லில், பொன்னெழுத்தில் இப்படிச் செதுக்கி வைத்திருந்தார்கள். கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு தாளும் ஒட்டியிருந்தது: 'துப்புரவுப் பணியாளர்கள் பின்வாசலைப் பயன்படுத்தவும்.' முனைவர் பட்டத்துக்குச் சேர மாணவி வந்த முதல் நாள், அவளுடைய செருப்பையும் துணிப்பையையும் ஒரு பார்வை பார்த்த காவலாளி, ஒரு வார்த்தை கேட்காமல் பின்பக்கம் கை காட்டினார். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பக்கம் போனாள். நெறியாளரின் அறைக்கு அதுதான் குறுக்குவழி என்பது பிறகு தெரிந்தது.

நெறியாளரின் பெயரைத் துறையில் யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் 'பதினோரு மாதம்'. இளவயதில் ஒரு மலைக் கிராமத்தில் கூடாரம் அடித்துப் பதினோரு மாதம் தங்கியவர். அதை வைத்தே முப்பத்தொரு வருடமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். யாராவது தும்மினால் போதும், "நான் அங்க இருந்தப்போ..." என்று ஆரம்பித்துவிடுவார். தும்மியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மலைக்காரர்கள் தும்மலை எப்படிப் பார்த்தார்கள், நிழலை எப்படிப் பார்த்தார்கள், மாமியாரை எப்படிப் பார்த்தார்கள் என்று நான்கு தடித்த புத்தகங்கள் எழுதியிருந்தார். இவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது மட்டும் எதிலும் இல்லை.

வீட்டுவசதி அலுவலகத்தில் ஒரு மனு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு எப்படி நகர்கிறது, ஏன் நகராமல் போகிறது என்று ஆராய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தலைப்பைக் கேட்டதும் பதினோரு மாதம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதிகாரிங்களை ஆய்வு பண்ண முடியாதும்மா. அனுமதி கேட்கணும். தரமாட்டாங்க."

"தொழிலாளிங்கன்னா, சார்?"

"அவங்க தருவாங்க. வேண்டாம்னு சொல்லிப் பழக்கம் இல்ல பாரு. நம்ம துறை நிக்கிறதே அது மேலதான்." இதை அவர் வெட்கப்படாமல் சொன்னார். வெட்கப்பட வேண்டியது என்று தோன்றினால்தானே. "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?"

"அம்மா பெரியாஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருக்காங்க, சார். இஸ்திரி ரோலர்ல."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு வருஷம்!" பதினோரே மாதம் இருந்தவருக்கு அந்த எண்ணைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தொடர்ந்தா? நடுவுல வராம? அடடா, களத்தை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறியே!"

அத்தோடு தலைப்பு முடிவானது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சலவைக்கூடத்தைப் பத்திப் படிக்கறதுக்கு ஒரு படிப்பா? அதுக்குப் போயி ஒரு டாக்டர் பட்டமா? நாங்க அங்கயே நிக்கறோமே, எங்களுக்கு என்னடி பட்டம்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சரி, எழுது. ஆனா கம்பியைப் பத்தி எழுதணும். அது இல்லன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கம்பி என்பது ரோலரின் தடுப்புக் கம்பி. ஈரப் படுக்கைவிரிப்பின் இரண்டு மூலைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து, கொதிக்கும் உருளைக்கும் அதன் படுகைக்கும் நடுவே ஊட்ட வேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். கை தவறி அதில் பட்டால் ரோலர் அந்த நொடியே நின்றுவிடும். முழங்கை பட்டாலும் நிற்கும், விரிப்பின் மடிப்பு பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நின்றால் வார்டுகளுக்கு விரிப்பு போய்ச் சேருவது தாமதமாகிறது என்று, மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்பியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். அதிலிருந்து பெண்கள் மணிக்கட்டில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். துண்டு அனலைத் தாங்கும். முடிச்சைத் தளர்த்தியாகத்தான் போடுவார்கள். துண்டின் நுனியை ரோலர் இழுத்தால் துண்டு போகட்டும், கை வந்துவிட வேண்டும். கம்பியைத் திரும்பப் பொருத்தச் சொல்லி ஆறு மனு கொடுத்திருந்தார்கள்.

"எழுதறேம்மா. முதல் அத்தியாயமே அதுதான்," என்றாள் மகள்.

இடையில் நெறிமுறைக் குழு இருந்தது. தகவல் தருபவர்களுக்கு ஆய்வால் தீங்கு வராமல் காப்பது அதன் வேலை. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவி. அவருக்கு முன்னால் மட்டும் மூடி போட்ட தண்ணீர் டம்ளர்.

"தகவலாளருக்கும் உங்களுக்கும் எவ்வளவு நாள் பழக்கம்?"

"இருபத்தாறு வருஷம், மேடம். எங்கம்மா."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது ரொம்ப நெருக்கம்," என்றார் ஓர் உறுப்பினர், ஏதோ தொற்றுநோயின் பெயரைச் சொல்வதுபோல.

"சலவைக்கூடத்தைப் பத்தி உங்களுக்கு இப்பவே என்னென்ன தெரியும்?" என்று தலைவி கேட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாமே தெரியும், மேடம். சின்ன வயசுல ஸ்கூல் விட்டா நேரா அங்கதான் போவேன்."

"அதுதான் சிக்கலே. ஒப்புதல் கிடைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சதெல்லாம் ஒப்புதல் இல்லாம சேகரிச்சது. அதை நீங்க பயன்படுத்தக் கூடாது. புதுசா தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சதையே எப்படி, மேடம்..."

"கேளுங்க. பதில் வரும்போது ஆச்சரியப்படுங்க. பயிற்சியில வந்துடும்." தலைவி டம்ளரின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடினார். "நாங்க ஏன் இவ்வளவு கண்டிப்பா இருக்கோம்னு நீங்க நினைக்கலாம். இருபது வருஷமா இந்தக் குழு இருக்கு. இதுவரைக்கும் ஒரு தகவலாளர்கூட எங்க கிட்டப் புகார் கொடுத்ததில்ல. அவங்க நம்பிக்கைக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?" புகார் கொடுப்பதற்கான தொலைபேசி, பதிவாளர் அறையின் அலமாரிக்குள் இருந்தது. அது அடித்தால் அலமாரிக்கு மட்டும் கேட்கும்.

நிபந்தனைகள் இரண்டு பக்கத்துக்கு வந்தன. ஆய்வு முடியும்வரை மாணவி வீட்டுக்குள் போகும்போது கதவைத் தட்டி அனுமதி பெற வேண்டும். தகவலாளர் உணவு கொடுத்தால் அதைப் 'பரிமாற்றம்' என்ற தலைப்பில் குறித்து வைக்க வேண்டும். அடையாளம் வெளிப்படாமல் இருக்க, தகவலாளரை எண்ணால் மட்டுமே குறிப்பிட வேண்டும்.

முதல் நேர்காணல் சமையலறையில் நடந்தது. மாணவி கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்."

"திறந்துதானே இருக்கு, என்ன தட்டறே? சாவியைத் தொலைச்சுட்டியா?"

படிவத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தாள். "தகவலாளர் ஏழுன்னு போட்டிருக்கே. அது யாரு?"

"நீதான்."

"மத்த ஆறு பேரு?"

"ஆறு பேரு இல்லம்மா. ஒண்ணுல ஆரம்பிச்சா யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்களாம்."

"ஏழுன்னா கண்டுபிடிக்க மாட்டாங்களா? பெரிய மூளைக்காரங்கதான்." மேலே படித்தாள். "'எந்த நேரத்திலும், காரணம் ஏதும் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.' ஏன்டி, இப்படி ஒரு வசதி இருக்குன்னு உன்னைப் பெக்கறதுக்கு முன்னாடி யாரும் எனக்குச் சொல்லலையே?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று மாணவி கேட்டாள். நிபந்தனைப்படி முதல் கேள்வி அது.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தாள். அதற்கு முன்னால் குனிந்து, காது கேளாத ஆளிடம் பேசுவதுபோல, "பெரியாஸ்பத்திரி சலவைக்கூடம்," என்றாள்.

"அப்படியா!" என்று மாணவி ஆச்சரியப்பட்டாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. தட்டினாள், கேட்டாள், ஆச்சரியப்பட்டாள். சலவைக்கூடத்துக்கும் நோட்டோடு போய் நின்றாள். சாப்பிட்டதையெல்லாம் பரிமாற்றம் என்று எழுதினாள். அந்தப் பட்டியல் மட்டும் நூற்றுப் பதினான்கு பக்கம். அம்மா சளைக்கவில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் சுற்றி வந்து கம்பியில்தான் முடிப்பாள். பக்கத்து ரோலர்க்காரிக்கு விரல் நுனி பொசுங்கியது, யார் கம்பியைக் கழற்றச் சொன்னது, எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தார்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னாள்.

முதல் அத்தியாயத்தைப் படித்த பதினோரு மாதம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தியாயம் முழுக்கக் கம்பி. நடுவில் ஓரிடத்தில் மட்டும், "கம்பி போனதிலிருந்து மணிக்கட்டில் ஈரத் துண்டு சுற்றிக்கொள்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தது. அதைச் சிவப்பு மையால் மூன்று முறை வட்டமிட்டிருந்தார்.

"இதை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா கம்பி கம்பின்னு புலம்பறே? துண்டு! ஈரத் துண்டு! நீரும் நெருப்பும் சந்திக்கிற இடத்துல ஒரு பெண்ணோட மணிக்கட்டு. யார் முதல்ல சுத்தி விடறாங்க? மூத்தவங்களா?"

"யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க, சார். ஒரு கையால கட்டிக்க முடியாது இல்ல."

"ஒருத்தர் கையை இன்னொருத்தர் கட்டறாங்க!" அவருக்குக் குரல் தழுதழுத்தது. "நான் அங்க இருந்தப்போ பதினோரு மாசமும் இந்த மாதிரி ஒண்ணுக்காகத்தான் காத்துக் கிடந்தேன்."

"சார், கம்பியைப் பொருத்திட்டா துண்டே தேவையில்லன்னு அம்மா... தகவலாளர் ஏழு தெளிவாச் சொல்லியிருக்காங்க."

"தகவலாளர் சொல்ற காரணம் என்னிக்குமே காரணம் இல்லம்மா. தான் என்ன செய்யறோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருந்தா அப்புறம் நாம எதுக்கு? சம்பளம் யாருக்குத் தருவாங்க?"

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே முழு உண்மை இதுவாக இருக்கலாம். யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை.

இரண்டே மாதத்தில் 'ஈரத் துண்டு: வெப்பத்தோடு ஓர் உடன்படிக்கை' என்ற கட்டுரை தயாரானது. முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் மாணவியுடையது. பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஆனால் கட்டுரை ஒன்றாவது வெளியாகாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்பது விதி. ஆகவே கம்பி விஷயத்தை அடிக்குறிப்பிலாவது சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, முப்பத்தொன்றாவது அடிக்குறிப்பாக எழுதிக் கொடுத்தாள். இதழ்க்காரர்கள் அடிக்குறிப்பு முப்பதுக்குமேல் போடுவதில்லை.

அதே சமயம் அம்மா ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அடியே, அளவெடுத்துட்டுப் போனான்டி!" என்றாள்.

"யாரும்மா?"

"மெக்கானிக்குதான்! ஏழாவது மனுவுக்கு வழி பொறந்திருக்கு. டேப்பை வெச்சு ரோலரோட அகலம் எல்லாம் அளந்தான். பழசு துரு புடிச்சுப்போச்சாம், அடுத்த மாசம் புதுக் கம்பி வருதாம். எல்லாம் நீ நோட்டும் கையுமா வந்து நின்ன பயந்தான். பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே உருப்படியா ஒண்ணு பண்ணிட்டே, போ." அன்றைய பரிமாற்றத்தில் ஓர் இனிப்பும் இருந்தது.

துறையின் வருடாந்தரக் கருத்தரங்குக்கு ஆஸ்பத்திரியின் தலைமை நிர்வாகியைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். கட்டுரையின் நாயகியை அழைக்கவில்லை. அவள் வந்தால் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்று நெறிமுறைக் குழு தடுத்துவிட்டது. அவளுடைய கையை மட்டும், துண்டு சுற்றியபடி, சுவரளவு பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள்.

பதினோரு மாதம் முக்கால் மணி நேரம் பேசினார். தலைமை நிர்வாகி கண்ணை மூடாமல் கேட்டார். சிறப்புரையில் அவர் நெகிழ்ந்தே போனார்.

"உண்மையைச் சொல்லிடறேன். இத்தனை வருஷமா அந்தத் துண்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசுல ஓர் உறுத்தல். ஏதோ நம்மளால ஒரு பாதுகாப்புச் செஞ்சு கொடுக்க முடியலையோன்னு. இன்னிக்குத்தான் தெரிஞ்சது, அது குறை இல்ல, அது அவங்க பண்பாடு! ரோலருக்கு ஒரு கம்பி பொருத்தறதா இருந்தோம். நல்ல வேளை, இந்தக் கட்டுரை சமயத்துல வந்தது. கம்பியைப் போட்டிருந்தா அந்த மக்களோட வாழ்க்கை முறையில கை வெச்ச பாவம் நமக்கு வந்திருக்கும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்!"

கைதட்டல் ஓய நேரமானது.

கேள்வி நேரத்தில் மாணவி எழுந்தாள். "அது பண்பாடு இல்லைங்க. கம்பி இல்லாததால சுத்திக்கிறாங்க. அவ்வளவுதான். கம்பி வேணும்னு ஏழு மனு கொடுத்திருக்காங்க."

நெறிமுறைக் குழுத் தலைவி ஒலிவாங்கியை இதமாக வாங்கிக்கொண்டார். "பேசினவங்க தகவலாளரோட மகள். அவங்க உணர்ச்சியை நாம மதிக்கறோம். இந்தச் சாய்வைத்தான் எங்க குழு ஆரம்பத்துலயே எச்சரிச்சது. குறிப்பேட்டுல பதிவு பண்ணிடுங்க." தகவலாளரின் அடையாளம் காப்பாற்றப்பட வேண்டும் என்ற விதி அந்த நிமிடத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

"உக்காரும்மா," என்றார் பதினோரு மாதம், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாய்மொழித் தேர்வு இன்னும் பாக்கி இருக்கு."

அவள் உட்கார்ந்தாள்.

கம்பி வரவில்லை. அதற்குப் பதிலாகத் துண்டு வந்தது. ஆஸ்பத்திரி முத்திரை பதித்த நீலத் துண்டு, எல்லாருக்கும் ஒரே அகலம், ஒரே நீளம். முடிச்சு ஆளுக்கொரு விதமாக இருந்தால் படத்தில் ஒழுங்காகத் தெரியாது என்பதால், மூன்று பட்டன் வைத்து மணிக்கட்டில் இறுக்கமாக மாட்டும்படி தைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் வரும் நாளில் மாட்டாதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். சலவைக்கூடத்துச் சுவரில், 'நம் மரபு, நம் பெருமை' என்று பலகையும் மாட்டினார்கள்.

"உங்க வாத்தியார் எங்களுக்குச் சீருடை தைச்சுக் கொடுத்துட்டார்டி," என்றாள் அம்மா. பட்டனைப் போட்டும் கழற்றியும் பார்த்தாள். "இது டக்குனு கழண்டு வராதே." அப்புறம் மகளைப் பார்த்து, "உன் பேரும் அதுல இருக்காமே. சூப்பர்வைசர் காட்டினார்," என்றாள். அதட்டிக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அது வந்தும்மா, கட்டுரை ஒண்ணு இல்லன்னா..."

"சரி சரி. சாப்பிடு."

அன்று அவள் பரிமாற்றத்தில் எதையும் எழுதவில்லை.

மூன்றாவது வாரம், பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு விரிப்பின் மூலையோடு நீலத் துண்டின் ஓரமும் உருளைக்குள் போனது. பட்டன்கள் நல்ல தையல். ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. எதிரில் நின்ற பெண் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைப்பதற்குள் அம்மாவின் வலது கை விரல்கள் மூன்று உள்ளே இருந்தன.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே என்பதால் சேர்ப்பதற்கு நேரம் ஆகவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மகள் போனபோது அம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து, இன்னொரு கையால் தன் படுக்கைவிரிப்பை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை யாரு ஓட்டினது? ஓரமெல்லாம் சுருக்கம். புதுசா வந்தவளா இருக்கும்," என்றாள். மகள் அழுதபோது, "ஏன் அழறே? நீ எழுதத்தான் செஞ்சே. அவங்க படிக்கல," என்றாள். அது உண்மையா, மகளுக்காகச் சொன்னதா என்று மகள் கேட்கவில்லை.

பதினோரு மாதம் ஆப்பிளோடு துறையில் காத்திருந்தார். வார்டுக்குப் போவது களத்தில் குறுக்கிடுவதாகும் என்று ஆப்பிளை மாணவியிடமே கொடுத்தனுப்பினார். "ரொம்ப வருத்தம்மா. மனசே சரியில்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "காயத்தைப் பத்தி ஒரு பின்னுரை சேர்க்கலாம். உடன்படிக்கை முறிஞ்சா உடல் என்ன பதில் சொல்லுதுன்னு. ஆறு மாசம் நீட்டிப்பு வாங்கித் தரேன்."

"வேண்டாம், சார்."

"யோசி. உன்னைத் தவிர யாருக்கும் அந்த வார்டுக்குள்ள இப்படி அனுமதி கிடைக்காது."

அவள் யோசிக்கவில்லை. கம்பியைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். எடுக்க வேண்டியதில்லை என்று தேர்வாளர்களும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வு நன்றாக முடிந்தது. தகவலாளரின் நலன் கருதி, ஆய்வேட்டை பத்து வருடத்துக்கு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது என்றும் தீர்மானித்தார்கள்.

பட்டச் சான்றிதழுக்கு ஒரே ஒரு தாள் குறைந்தது. துறை எழுத்தர் அதை மேஜை மேல் நகர்த்தினார். 'இந்த ஆய்வால் எனக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என உறுதியளிக்கிறேன். இப்படிக்கு, தகவலாளர்.'

"தீங்கு நடந்திருக்குங்க," என்றாள் அவள்.

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "கள ஆய்வு முடிஞ்ச தேதி என்ன? ஜனவரி. விபத்து ஜூலை. இந்தத் தாள் கேக்கறது ஜனவரி வரைக்கும்தான். கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அடுத்த வருஷம்தான்."

அம்மா தாளை இரண்டு தடவை படித்தாள். "இது நிஜமா?"

"இல்லம்மா."

"போடலைன்னா?"

"பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது."

அம்மா பேனாவை இடது கையில் வாங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் நகராமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, மெல்ல மெல்லப் போட்டாள். முதல் எழுத்து வாரியல்போல விரிந்தது. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. "படிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள்.

எழுத்தர் அதை முதல் படிவத்திலிருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒத்துப் போகலையே. தணிக்கையில நிக்கும். பழைய மாதிரியே வேணும்." புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி. அலுவலகம் நாலரைக்கு மூடும். அம்மாவிடம் போய்வர நேரம் இருந்தது.

மாணவி போகவில்லை. துறையின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, தாளைத் துணிப்பை மேல் வைத்து, அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டாள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்ற மதிப்பெண் அட்டைகளில் போட்டுப் பழகியது. அச்சாக ஒத்துப் போனது.